வித்யாலட்சுமி தளத்தில் கல்விக்கடன்: ஒரு தந்தையின் மதிப்பீடு

2015-இல் தொடங்கப்பட்ட வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே பொது விண்ணப்பத்தை நிரப்பி மூன்று வங்கிகள் வரை அனுப்ப முடிவதால், கிளை கிளையாக ஏறி இறங்கும் அலைச்சல் எங்களுக்குப் பெருமளவு மிச்சமானது. மகளின் மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்து ஆதாரில் பின்னால் இருந்ததால், எதை எழுதுவது என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினோம். கடைசியில் வழிகாட்டியவர் கல்லூரி அலுவலக எழுத்தர்தான். இத்தகைய ஐயங்களைத் தீர்க்கும் எளிய தமிழ்க் கையேடு ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் கிடைக்க வேண்டும்.

4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை என்று வங்கிகளின் மாதிரித் திட்டமே கூறியிருந்தும், ஒரு கிளையில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டது மிகவும் வருத்தியது. இன்னொரு வங்கி, சேர்க்கை ஆணையையும் கட்டண விவரத்தையும் சரிபார்த்துக் கடனை அனுமதித்தது.