ஹாப்பலா, கிளாஸ்னரா? ஆஸ்திரியா தந்த இரண்டு சென்டர் பேக் கோச்சுகள்

ஆஸ்திரியாவின் பெரிய கால்பந்து கோச் யார் என்று கேட்டால் இத்தனை வருடமாக ஒரே பதில்தான், எர்ன்ஸ்ட் ஹாப்பல். ஆனால் 2025 மே 17 அன்று வெம்ப்ளியில் கிரிஸ்டல் பேலஸ் அணி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையைத் தூக்கியதிலிருந்து, அப்போது பேலஸின் கோச்சாக இருந்த ஒலிவர் கிளாஸ்னர் என்ற பெயரையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் ஆடிய காலத்தில் சென்டர் பேக், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்கள். அதனால்தான் இந்த ஒப்பீட்டில் எனக்கு இவ்வளவு ஆர்வம்.

கோப்பைகளை எண்ணித்தான் முடிவு என்றால் பேச்சே தேவையில்லை. இரண்டு வெவ்வேறு கிளப்புகளோடு ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்ற முதல் கோச் ஹாப்பல்தான். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா என்று நான்கு நாடுகளில் லீக் பட்டமும் வாங்கியவர். கிளாஸ்னரிடம் முதல்நிலை லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. நான் பார்க்க நினைப்பது வேறு. கோல் விழாமல் காப்பதையே இருபது வருடம் வேலையாகச் செய்த ஒருவர், பெஞ்சுக்கு வந்ததும் எப்படிப்பட்ட அணியைக் கட்டுகிறார்?

(மாக்ஸ் மெர்க்கலை விட்டுவிட்டாயே என்று யாராவது கேட்கலாம். ஹாப்பலோடு ராபிட் வியன்னாவில் ஆடிய தடுப்பாட்டக்காரர், 1966ல் 1860 மியூனிக்கையும் 1968ல் நியூரம்பெர்க்கையும் ஜெர்மன் சாம்பியனாக்கியவர். ஆனால் அந்த நியூரம்பெர்க் அடுத்த சீசனிலேயே இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது, ஐரோப்பிய அளவில் கோப்பையும் வரவில்லை. அதனால் இருவரோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

ஆட்டக்காரர்களாக இருவரும் மலையும் மடுவும். 1925ல் வியன்னாவில் பிறந்த ஹாப்பல் சிறுவனாகவே ராபிட்டுக்குப் போய், நாட்டுக்காக 51 ஆட்டங்கள் ஆடி, 1954 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் இருந்தவர். சுவிட்சர்லாந்திடம் 19 நிமிடத்தில் மூன்று கோல் வாங்கிவிட்டு 7-5 என்று ஜெயித்த அந்தக் காலிறுதியிலும் அவர் ஆடினார். பந்தை உதைத்து வெளியே தள்ளுகிற ரகமில்லை, காலில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை அங்கிருந்தே தொடங்குகிற ரகம். 1956 நவம்பரில் வியன்னாவில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ராபிட் 3-1 என்று வென்றபோது மூன்று கோலையும் போட்டது இந்தத் தடுப்பாட்டக்காரர்தான். மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் ரியல் 4-2 என்று வென்றிருந்தது, மொத்தம் 5-5. சமநிலை வந்தால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணி முன்னேறும் என்ற விதி அன்றைக்கே இருந்திருந்தால் ராபிட் முன்னேறியிருக்கும். விதி இல்லை, மூன்றாவது ஆட்டம் மாட்ரிட்டிலேயே நடந்தது, ராபிட் தோற்றது, கடைசியில் கோப்பையும் ரியலுக்கே போனது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

1974ல் சால்ஸ்பர்கில் பிறந்த கிளாஸ்னரின் கதையில் மாட்ரிட்டும் இல்லை, உலகக் கோப்பையும் இல்லை. தேசிய சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. மேல் ஆஸ்திரியாவில் ரீட் என்ற சின்ன ஊர், அந்த ஊர் கிளப், நடுவில் ஒரு சீசன் லாஸ்க் லின்ஸ், திரும்பவும் ரீட். 500க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், 1998லும் 2011லும் ஆஸ்திரியக் கோப்பை. முடிவு கொடுமையாக வந்தது. 2011 கோடையில் தலையில் அடி, அப்புறம் யூரோப்பா லீக் (ஐரோப்பாவின் இரண்டாம்நிலை கிளப் போட்டி) ஆட்டத்துக்காக டென்மார்க் போன இடத்தில் மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிந்து, கோபன்ஹேகனில் அவசர அறுவை சிகிச்சை. அதோடு ஆட்டம் முடிந்தது, வயது 37ஐத் தொடும் நேரம். உயிர் பிழைத்து வந்த மனிதர் கொஞ்ச நாளில் சால்ஸ்பர்கில் ரோஜர் ஷ்மிட்டுக்கு உதவிப் பயிற்சியாளராக உட்கார்ந்துவிட்டார். ஷ்மிட்டின் அணி பந்து பறிபோன அந்த நொடியே பாய்ந்து பறிக்கும். கிளாஸ்னரின் அணிகளிலும் அதைத்தான் பார்க்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தடுப்பாட்டக்காரர் கோச்சானால் பின்னால் பத்துப் பேரை நிறுத்திவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த இருவரும் அதற்கு நேர் எதிர். ஹாப்பலின் அணிகள் தடுப்பு வரிசையை மைதானத்தின் நடுக்கோடு வரை தூக்கிக்கொண்டு வரும், முன்னேறி நின்று எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைக்கும், எதிராளியை அவன் பாதியிலேயே நெருக்கும். 1975 முதல் 1978 வரை பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஜில் இதை வைத்துத்தான் தொடர்ந்து மூன்று லீக் பட்டம் வாங்கினார். தன் கோலுக்கு எவ்வளவு தூரத்தில் பந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது தடுப்பாட்டக்காரனின் புத்தி, தாக்குதல்காரனுக்கு இது சட்டென்று தோன்றாது. கிளாஸ்னரும் அதே புத்திதான், ஆனால் வேறு வழி. பின்னால் மூன்று பேர், பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் இரண்டு விங் பேக், முன்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இரண்டு பேர். பந்து எதிராளியிடம் எவ்வளவு நேரம் இருந்தாலும் பதறுவதில்லை, பறித்ததும் நான்கைந்து தொடுதலில் கோல் வாசல். எஃப்ஏ கோப்பை இறுதியில் 16வது நிமிடத்தில் முன்யோஸ் கொடுத்ததை எஸே அடித்த கோல் இந்த முறைக்குச் சரியான மாதிரி. அதன்பின் முழுக்கத் தாங்கிப் பிடித்தார்கள், சிட்டியின் மர்மூஷ் அடித்த பெனால்டியை பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் தடுத்தார், அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை. அந்த சீசனின் முதல் எட்டு லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்காத அணி இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிளாஸ்னருக்காக நான் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுவது இறுதியாட்டங்கள் என்று வரும்போதுதான். ஹாப்பலுக்குத் தோல்விகளும் நிறைய: 1976 யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆன்ஃபீல்டில் 2-0 என்று முந்தியிருந்தும் ப்ரூஜ் லிவர்பூலிடம் 3-2 என்று விட்டது, 1978ல் வெம்ப்ளியில் அதே லிவர்பூலிடம் 1-0, அதே வருடம் நெதர்லாந்தோடு அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை இறுதி, 1982ல் ஹம்பர்கோடு கோத்தன்பர்கிடம் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. அந்த உலகக் கோப்பை இறுதி மட்டும் யாருடைய தவறும் இல்லை, 90வது நிமிடத்தில் ரென்சென்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அது உள்ளே போயிருந்தால் கிராய்ஃப் இல்லாத நெதர்லாந்துதான் உலக சாம்பியன். கிளாஸ்னர் அப்படியில்லை. 2022 யூரோப்பா லீக் இறுதியில் செவில்லில் ரேஞ்சர்ஸை பெனால்டியில் வென்ற அவரது ஃபிராங்க்ஃபர்ட், அதே சீசனில் ஜெர்மன் லீக்கில் 11வது இடத்தில் இருந்த அணி. ஐரோப்பாவில் மட்டும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, பார்சிலோனாவை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என்று சாய்த்தது. 2023 ஜெர்மன் கோப்பை இறுதியில் லைப்சிக்கிடம் தோற்றார், சரி. ஆனாலும் சின்ன அணியை வைத்துக்கொண்டு பெரிய ராத்திரிகளில் ஜெயிப்பதில் அவர் கை ஓங்கித்தான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் நான் இன்னமும் ஹாப்பல் பக்கம் நிற்கிறேன்? சின்ன அணியில் சாதிப்பது அவருக்கும் புதிதில்லை. 1962ல் நெதர்லாந்தின் டென் ஹாக் கிளப்புக்குப் போய் ஏழு வருடம் உட்கார்ந்து, 1968 கோப்பை இறுதியில் கிராய்ஃபின் அயாக்ஸை 2-1 என்று வென்றவர். அடுத்த வருடம் ஃபெய்னூர்ட் அழைத்தது, 1970 மே மாதம் மிலானில் கூடுதல் நேரத்தில் செல்டிக்கை வென்று, நெதர்லாந்துக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையை அயாக்ஸுக்கு முன்பே கொண்டுவந்துவிட்டார். 13 வருடம் கழித்து ஏதென்ஸில் ஹம்பர்க், எதிரே பிளாட்டினியும் ரோஸியும் ஸோஃபும் இருந்த யுவென்டஸ். மகாத்தின் ஒரே கோல், 1-0. அதே ஹம்பர்க் ஜெர்மன் லீக்கில் 1982 ஜனவரி முதல் ஒரு வருடம் 36 ஆட்டங்கள் தோற்காமல் இருந்தது, 2013 வரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. பாஷை மாறியது, ஆட்டக்காரர்கள் மாறினார்கள், பத்தாண்டுகள் மாறின, பலன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதிகம் பேசாத மனிதர், கையில் எப்போதும் சிகரெட். பயிற்சியின்போது கோல் கம்பத்தின் மேல் ஒரு டின்னை வைத்து ஒரே உதையில் வீழ்த்திக் காட்டிவிட்டு, இப்போது நீங்கள் செய்யுங்கள் என்பாராம். அதன்பிறகு அவரை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? கிளாஸ்னருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஆட்டக்காரர்களிடம் விளக்கித்தான் ஆக வேண்டும், மேலிடத்தோடு மோதித்தான் ஆக வேண்டும், வொல்ஃப்ஸ்பர்கில் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் இடம் வாங்கித் தந்தும் கிளம்பிவிட்டார்.

ஆகவே என் கையில் ஒரு நடுத்தர கிளப் இருந்து, பாதி சீசனில் மூழ்கிக்கொண்டிருந்தால், இரண்டாவது யோசனை இல்லாமல் கிளாஸ்னரைக் கூப்பிடுவேன். லாஸ்கை 2017ல் மேலே ஏற்றி 2019ல் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனவருக்கு அந்த வேலை தெரியும். ஐந்து வருடமும் நல்ல ஆட்டக்காரர்களும் கொடுக்க முடியும் என்றால் ஹாப்பல்தான். ஒரே அமைப்பை கிளப்புக்கு கிளப் தூக்கிக்கொண்டு போகும் கிளாஸ்னர் அங்கே என்ன செய்வார் என்பதை அவர் இன்னும் காட்டவில்லை.

தேசிய அணி என்று ஒன்று பாக்கி இருக்கிறது. 1978 உலகக் கோப்பையில் ஹாப்பலின் நெதர்லாந்து கோர்டோபாவில் ஆஸ்திரியாவையே 5-1 என்று நொறுக்கியது. அந்த மனிதர் கடைசியில் 1992ல் தன் நாட்டு அணிக்கு வந்தபோது உடம்பில் புற்றுநோய், அந்த நவம்பர் 14 அன்று இன்ஸ்பிரக்கில் இறந்துபோனார். நான்கு நாள் கழித்து நியூரம்பெர்கில் ஜெர்மனியோடு ஆட்டம். அவருக்கு உதவியாளராக இருந்த டீட்மார் கான்ஸ்டன்டீனி, அவரும் பழைய தடுப்பாட்டக்காரர்தான், அணியைக் கவனித்தார். பெஞ்சில் ஹாப்பலின் தொப்பி மட்டும் இருந்தது. ஆட்டம் 0-0. வியன்னாவின் பிராட்டர் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆஸ்திரிய அணியின் கோச்சாக அந்த மைதானத்துப் பெஞ்சில் உட்காரும் நாள் கிளாஸ்னருக்கு இன்னும் வரவில்லை.