சிங்கப்பூர்ல படிக்கப் போனா மாசம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போதும்னு யாராச்சும் சொன்னா நம்பிறாதீங்க, நான் நம்பி ஏமாந்த கதை

ஊர்ல வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புற கன்சல்டன்சி ஆளு ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுக் குடுத்தாரு. ரூம் 350, சாப்பாடு 150, பஸ்ஸு 50, மத்தது 50, ஆக மொத்தம் 600 வெள்ளி, அதையும் பார்ட் டைம் பாத்தே எடுத்துரலாம் தம்பின்னாரு. எங்கப்பா அந்தப் பேப்பர மடிச்சு பர்ஸுல வச்சுக்கிட்டாரு.

மொதப் பொய் அந்த பார்ட் டைம். என்யூஎஸ், என்டியூ யுனிவர்சிட்டி, பாலிடெக்னிக் மாதிரி கவர்மெண்ட் லிஸ்ட்ல இருக்குற எடத்துல ஃபுல் டைம் படிச்சா டெர்ம் நடக்குறப்போ வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை பாக்கலாம். என்னை மாதிரி பிரைவேட் ஸ்கூல்ல வந்தவனுக்கு அதுவும் கெடையாது, மீறிப் பாத்து மாட்டுனா 20,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், ஜெயிலு வேற. இது எனக்கு இங்க வந்து எறங்குன பொறவுதான் தெரியும்.

சரி ரூமுக்கு வருவோம். ஏர்போர்ட்ல கூட்டிட்டுப் போக "நம்ம ஆளு" ஒருத்தர் வருவாருன்னு கன்சல்டன்சி சொல்லியிருந்துச்சு. வந்தவரு நல்லா சிரிச்ச மொகம், தேக்காவுல (லிட்டில் இந்தியா) தோசை வாங்கிக் குடுத்தாரு, நம்மூரு பையன் உன்னப் போயி ஏமாத்துவேனான்னு அவரே கேட்டாரு (நான் அப்பவே உஷாராயிருக்கணும்). அன்னைக்கு ராத்திரியே பெட்டுக்கு (ரூம்ல ஒரு கட்டிலுக்கு மட்டும்) மொத மாசம் 380, டெபாசிட் ரெண்டு மாசம் 760, ஏஜென்ட் ஃபீஸ்னு 190, மொத்தம் 1,330 வெள்ளி கேஷா வாங்கிக்கிட்டாரு, அத்தனையும் லோன் காசு. ரசீது கேட்டா "என்ன தம்பி அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா".

அது மூணு ரூம் வீவக வீடு (வீவகன்னா எச்டிபி, கவர்மெண்ட் கட்டுன அடுக்குமாடி). மூணு ரூம்னா இங்க ரெண்டு பெட்ரூம், ஒரு ஹாலு, அவ்ளோதான். ரூமுக்கு நாலு பேரு, ஹால்ல ஸ்க்ரீன் கட்டி ஒருத்தரு, மொத்தம் 9 பேரு. இந்த மாதிரி வீட்டுல 6 பேருக்கு மேல இருக்கவே கூடாதாம். மாசக் கடைசில வந்துச்சு பாருங்க: கரண்டு தண்ணிக்கு 40, ஏர்கானுக்கு 45, சமைக்கிறதுக்குன்னு 30! அடுப்பு பத்த வைக்கிறதுக்கு வாடகை வாங்குற ஆள நான் அப்பதான் பாத்தேன். பெட்டு மட்டுமே 495 ஆயிருச்சு. எங்க ஸ்கூலுக்கு ஸ்டூடண்ட் கன்செஷன் கார்டு இல்ல, எம்ஆர்டி ரயிலு, பஸ்ஸு 110, சிம்மு 12, மத்தியானம் கோப்பிக்கடைல 6 வெள்ளி வீதம் 132, ராத்திரி சமைக்க சாமான் 120. கூட்டிப் பாத்தா 869, இதுல முடி வெட்டுன காசு சேக்கல.

மூணாவது மாசம் ஒரு நாள் காலைல வீவக ஆபீசருங்க கதவத் தட்டுனாங்க, பின்னாடியே வீட்டு ஓனரம்மா. அவங்க ஒரு குடும்பத்துக்குதான் வாடகைக்கு விட்டாங்களாம், எங்கள பாத்து அவங்களுக்கே படபடன்னு வந்துருச்சு. வீவக வீட்ட வாடகைக்கு எடுத்தவரு இன்னொருத்தருக்கு உள்வாடகைக்கு விடவே முடியாது, ஓனரும் ஒவ்வொருத்தரையும் கொறைஞ்சது 6 மாசத்துக்குப் பதிஞ்சுதான் வைக்கணும். எங்க யாரு பேரும் எங்கயும் இல்ல. ரெண்டே நாள்ல காலி பண்ணி ஃபிரெண்டு ரூம் தரைல படுத்தேன், அண்ணன் போனு எடுக்கல.

சின்ன வழக்கு கோர்ட்டு இருக்கு, ரெண்டு வருசத்துக்கு உட்பட்ட வீட்டு வாடகைக் கேசு எடுப்பாங்க, எனக்கு 10 வெள்ளிதான் ஃபீஸு. ஆனா எதிராளி பேரு, அட்ரஸ் கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சது "ராசு அண்ணன்", அதுவும் நெஜப் பேரான்னு சந்தேகம். பேநவ்ல (போன் நம்பர் வச்சு பேங்க்ல பணம் அனுப்புறது) அனுப்பியிருந்தா பதிஞ்ச பேராச்சும் வந்திருக்கும். அக்ரிமெண்ட் போட்டு ஐராஸ்ல (வரி ஆபீஸு) ஸ்டாம்ப் பண்ணியிருந்தா 6 மாசத்துக்கு மொத்த வாடகைல 0.4 சதவீதம், என் கணக்குக்கு 10 வெள்ளி கூட வராது. அந்த ஆளு லைசென்ஸ் உள்ள ஏஜென்டான்னு சிஇஏ (வீட்டு ஏஜென்டுகளுக்கு லைசென்ஸ் குடுக்குற ஆபீஸு) வெப்சைட்ல அவரு போன் நம்பர் போட்டா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும், அப்படி நெஜ ஏஜென்டா இருந்தாலும் வீவக வீட்டு வாடகைக் காச அவங்க கையால வாங்கக் கூடாது, நேரா ஓனருக்குத்தான் போகணும்.

கன்சல்டன்சிக்கு போன் போட்டேன், "அவரு எங்க ஸ்டாஃப் இல்ல தம்பி"ங்குறாங்க. போன வாரம் நம்ம பசங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பெட்டு போட்டோ வந்துச்சு, வேற பிளாக்கு, ஆனா நான் படுத்திருந்த அதே பச்சப் போர்வை. இப்ப 420 வெள்ளியாம், "எல்லாம் சேத்து"ன்னு போட்டிருக்கான்.