அப்பத்தாவின் கறுப்பு சிங்கர்: மாடல் கண்டுபிடித்ததும் பாகம் தேடியதும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் அநேகமாக ஒரு கறுப்புத் தையல் மெஷின் இருக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் பார்க்கப் போனவர்கள் ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ அனுப்பியதாக இருக்கும், இல்லாவிட்டால் கல்யாணச் சாமானோடு வந்ததாக இருக்கும். மேலே தங்க எழுத்தில் சிங்கர் என்று போட்டிருக்கும். அந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் பாபின் (அடிநூல் சுற்றும் உருளை) கேட்டால் கைக்கு வருவதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளமைப்பு மாடலுக்கு மாடல் வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ நல்ல மெஷின்கள் எடைக்குப் போயிருக்கின்றன. நினைத்தால் வயிறு எரிகிறது.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் கிடந்த அப்பத்தாவின் மெஷினில்தான் பல வருஷமாக நான் ரவிக்கை தைக்கிறேன். எங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தைப்பதோடு, கண்டாங்கிச் சேலைகளுக்கு ஓரம் அடிப்பதும் அதில்தான். தினசரி வேலை வாங்குகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நம்பர். மெஷின் படுகையில், அதாவது துணி வைத்துத் தைக்கும் அடிப்பாகத்தில், தூணுக்குக் கீழே வலது பக்கம், எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும். எங்களுடையது ஒய் என்று தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1920-களின் தொடக்கத்திலிருந்து 1935 வரை போட்ட எழுத்து அது. அதற்கு முன்னே 1910-களில் எஃப் போட்டார்கள், 1935-க்குப் பிறகு ஈஏ, ஈபி என்று இரண்டு எழுத்தாக்கினார்கள். எழுத்தே இல்லாமல் வெறும் எண் இருந்தால் பெரும்பாலும் 1900-க்கு முந்தியது. எண்களை மொத்தமாக முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் கடையில் விற்ற வருஷம் கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம். அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது. அங்கே ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர்.

நம்பர் வயதைச் சொல்லும், ஆனால் அதை வைத்துப் பாகம் வாங்க முடியாது. காரைக்குடியில் எனக்கு மெஷின் பார்க்கிற அண்ணன் சொன்னதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன்: “ஆச்சி, பேரைப் பாக்காதீங்க, தட்டைத் தள்ளிப் பாருங்க.” ஊசிக்கு இடப்பக்கம் இருக்கிற வழுக்குத் தட்டை இழுத்துத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். எங்கள் மெஷினில் வட்டப் பாபின், ஒரு கேஸுக்குள் நின்ற வாக்கில், இடப்பக்கம் பார்த்தபடி உட்காருகிறது. அடிநூலை மேல்நூலோடு பிணைக்கும் ஷட்டில் முழுச் சுற்றுச் சுற்றாமல் போய்த் திரும்பி ஊசலாடுகிறது. இது 15 வகை. 15கே என்பதில் வரும் கே, கிளைடுபேங்க் தொழிற்சாலை இருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிப்பது.

தேவகோட்டையில் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டு மெஷினும் சிங்கர்தான். கைப்பிடி வைத்தது, வளைந்த மரமூடி போட்டது. அதன் தட்டைத் திறந்தால் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் ஒரு ஷட்டில் முன்னும் பின்னும் ஓடுகிறது. உள்ளே மெல்லிய நீளப் பாபின். அது 28 வகை. அதே அமைப்பு பெரிய உடம்பில் வந்தால் 27. பாபினை மேலேயிருந்து கிணற்றுக்குள் போடுவதுபோல் படுக்கை வாக்கில் வைத்தால் 66 வகையாக இருக்கலாம். அதில் பழைய மெஷின்களுக்குத் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைப் பின்பக்கமாக மாட்ட வேண்டும், கடையில் விற்கும் சாதாரணப் பாதம் அதற்குச் சேராது.

15 வகை வீட்டில் இருந்தால் நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஜெய் இன்ஜினியரிங் கல்கத்தாவில் செய்த உஷாவிலிருந்து லூதியானாவில் செய்யும் கறுப்பு மெஷின்கள் வரை பெரும்பாலானவை இந்த அமைப்பைப் பார்த்துச் செய்தவைதான். அதனால் 90 வருஷம் தாண்டிய மெஷினுக்கு இன்றைக்கும் ஷட்டில், பாபின், நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யும் டென்ஷன் செட், துணியை நகர்த்தும் பல், வழுக்குத் தட்டு எல்லாம் சாதாரணக் கடையில் கிடைக்கிறது. எங்களுடையதில் டென்ஷனில் இருக்கும் சின்னக் கம்பி ஸ்பிரிங் முறிந்தபோது முழு டென்ஷன் செட்டையே புதிதாகப் போட்டுவிட்டோம். தையல் பழையபடி இழுவை இல்லாமல் விழுகிறது. வழுக்குத் தட்டு மட்டும் ஓரம் கொஞ்சம் அராவித்தான் சேர்ந்தது. பழைய தட்டின் வழவழப்பு அதில் இல்லை.

பாபின் கேஸில்தான் கவனம் வேண்டும். கேஸின் முகத்தில் விரல்போல் ஒரு நீட்டம் இருக்கும், அது மெஷினில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். எங்கள் மெஷினுக்கு உரிய கேஸில், மாட்டிய பிறகு நேரே பார்த்தால், அந்த விரல் கடிகாரத்தில் ஒரு மணி காட்டும் இடத்தில் நிற்கிறது. இப்போதைய ஜிக்ஜாக் மெஷின்களுக்கான கேஸில் அதே விரல் 11 மணிப் பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டும் அளவில் ஒன்றுபோல, மினுமினுப்பும் ஒன்றுபோல. ஒரு கடையில் “எல்லாம் ஒண்ணுதான்” என்று 11 மணிக் கேஸைக் கட்டிக் கொடுத்தார்கள். அது பள்ளத்தில் உட்காராது, ‘டக்’ என்ற சத்தமும் வராது. அப்படியே சக்கரத்தைச் சுற்றினால் ஊசி நேரே கேஸில் குத்தி முறியும். பழைய கேஸைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து விரலை ஒப்பிட்டு வாங்குங்கள். தையல் தொழிற்சாலைகளில் ஓடும் பவர் மெஷினின் பாபினையும் சில கடைகளில் கலந்து வைத்திருப்பார்கள், அளவே வேறு, அதைத் தொடாதீர்கள்.

ஊசி, ஹெச்ஏஎக்ஸ் 1 என்று கேட்டு வாங்க வேண்டும். தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். டிபிஎக்ஸ் 1 என்பது உருண்டைத் தலை, பவர் மெஷினுக்கானது. எங்கள் 15-ல் தட்டைப் பக்கம் இடப்புறம் பார்க்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். திருப்பி மாட்டினால் தையலே விழாது. மெஷின் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ரவிக்கைத் துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி, கண்டாங்கி மடிப்புக்கு 16, கனத்த திரைச்சீலைக்கு 18. ஆயா வீட்டு 28-க்கும் இதே ஊசி சேர்கிறது, பாதமும் சேர்கிறது. ஆனால் நீளப் பாபினும் குண்டு ஷட்டிலும் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதே இல்லை. அதனால் அந்த மாதிரி மெஷின் உள்ளவர்கள் இருக்கிற பாபின் ஒன்றைக்கூடத் தொலைக்கக் கூடாது.

திருகுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிங்கர் தன் மெஷின்களுக்கென்றே தனி மரை வெட்டியது. ஹார்டுவேர் கடைத் திருகை வைத்து அழுத்தி முறுக்கினால் மரை போய்விடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. திருகு தொலைந்தால் தையல் மெஷின் பாகம் விற்கும் இடத்திலேயே கேளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நான் கறார். தேங்காய் எண்ணெய் விட்ட மெஷின்கள் பிசின்போல இறுகி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இறுகியதற்குத் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாகச் சக்கரத்தை அசைத்து, அழுக்கு வெளியே வந்ததும் துடைத்துவிட்டு, வெள்ளை மெஷின் எண்ணெய் விட வேண்டும். தங்கப் பூவேலை மேல் ஸ்பிரிட் படவே கூடாது. மேற்பூச்சு அரக்கு, ஸ்பிரிட் பட்டால் கரைந்து பூவும் போய்விடும். எண்ணெய் தொட்ட பஞ்சு போதும்.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் மெஷினுக்குப் பின்தையல் கிடையாது. முடிக்கிற இடத்தில் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பி அடிக்க வேண்டும். பீக்கோவுக்கு வேறு கடைக்குத்தான் போக வேண்டும். மெஷின் தலையை ஒரு ஆள் தனியாகத் தூக்குவது சிரமம். ஆனால் நேர்த்தையல் என்றால் இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. ரவிக்கைப் பட்டியில் துணியும் லைனிங்கும் கேன்வாஸும் சேர்ந்து கனக்கிற இடத்தில் சக்கரம் முனகாமல் போகிறது. அண்ணன் மகள் வைத்திருக்கும் புது மோட்டார் மெஷின் அந்த இடத்தில் நின்று நின்றுதான் ஏறுகிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படி மெஷின் வாங்க நினைத்தால், பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். தட்டைத் திறந்து ஷட்டிலும் பாபின் கேஸும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தினால் சக்கரம் ஊசியை அசைக்காமல் தனியே சுற்ற வேண்டும். பிறகு கையிலிருக்கும் கைக்குட்டையை இரண்டாக மடித்து வைத்து, நூல் கோத்து, கையாலேயே ஒரு முழம் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். தைத்துக் காட்ட மறுக்கிற கடையில் நான் வாங்குவதில்லை.