கேமரா அப்டேட் பாதியில் நிற்கிறது என்று யாருக்கும் போன் போடாதீர்கள்: 14,800 ரூபாய் போனது எனக்கு

இன்று சாயங்காலம்தான் கோவையிலிருந்து திரும்பினேன். சட்டையைக்கூட மாற்றவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் கோபம் ஆறிப்போய்விடும். ஆறக்கூடாது. 14,800 ரூபாய். கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு அது என்ன தொகை என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடை பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று சட்டம் படிக்கும் என் தங்கை மகள் சொல்லியிருக்கிறாள். மதுரையில் இருக்கும் ஒரு கேமரா சர்வீஸ் கடை, அவ்வளவு போதும். என்ன நடந்தது, நீங்கள் எப்படித் தப்பிக்கலாம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு ஒட்டன்சத்திரம். பதினோரு வருடமாகத் தொழில். போன மாதம் ஒரு 85 எம்எம் லென்ஸ் வாங்கினேன். அதை மாட்டினால் கண் ஃபோகஸ், அதாவது ஆளின் கண்ணைக் கேமரா தானாகப் பிடிப்பது, தடுமாறியது. கேமராவுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், வந்திருக்கிறது, போட்டால் சரியாகும் என்று தெரிந்த ஒரு போட்டோகிராபர் சொன்னார். சிலருடைய கேமராவில் வேலை சுலபம். கேனான் என்றால் .FIR என்று முடியும் ஃபைல், நிக்கான் என்றால் .BIN என்று முடியும் ஃபைல், அதை மெமரி கார்டில் ஃபோல்டர் எதற்குள்ளும் வைக்காமல் வெளியே போட்டு, மெனுவுக்குள் போய்த் தட்டினால் ஓடிவிடும். என்னுடையது கொஞ்சம் பழைய மாடல். யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு கோர்த்துத்தான் செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. ஞாயிற்றுக்கிழமை பழனியில் முகூர்த்தம். இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று தொடங்கினேன். பேட்டரி முழுசாக ஏற்றியிருந்தேன். ஃபைலைக் கம்பெனி தளத்திலிருந்துதான் இறக்கினேன். சுமார் 15 நிமிடம் ஆகும், நடுவில் பேட்டரியைக் கழற்றக்கூடாது, ஆஃப் செய்யக்கூடாது என்று அங்கே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. கேமரா திரை கறுத்துவிட்டது. கார்டு கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. லேப்டாப்பில் பச்சைக்கோடு முக்கால்வாசி வந்து நின்றது.

15 நிமிடம் ஆனது. 25 ஆனது. கோடு நகரவில்லை. விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. கரண்ட் போய்விடுமோ என்று ஒரு பயம். வயரில் கை பட்டுவிடுமோ என்று மேஜையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் 15,000 வாங்கி வைத்திருக்கிறேன். கேமரா போனால் என்ன செய்வது? நாற்பது நிமிடம் இப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

போனை எடுத்துத் தேடினேன். முதலில் வந்ததே அந்தக் கடைதான். கேமரா கம்பெனியின் முத்திரை பெரிதாக இருந்தது. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ், 24 மணி நேரமும் உதவி, 4.8 ஸ்டார். மணி பத்தேகால் இருக்கும். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான்.

"அண்ணே, பதறாதீங்க. என்ன மாடல்?"

சொன்னேன்.

"ரெட் லைட் எரியுதா? எவ்வளவு நேரமா?"

"நாப்பது நிமிஷம் ஆச்சு தம்பி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"அப்ப போர்டு லாக் ஆயிருச்சுண்ணே. இப்படியே விட்டீங்கன்னா சூடாகி சென்சாரும் போயிரும். சென்சார் போச்சுன்னா கேமராவே போச்சு. மொதல்ல பேட்டரியக் கழட்டுங்க."

போர்டு என்றால் கேமராவின் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை, சென்சார் என்றால் படம் பதிகிற பகுதி. கழற்றக்கூடாது என்று கம்பெனிக்காரனே போட்டிருக்கிறானே என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். "அவன் அப்படித்தாண்ணே போடுவான். நாங்க டெய்லி இந்த மாதிரி பத்து பாக்குறோம். நான் லைன்ல இருக்கேன், நீங்க கழட்டுங்க" என்றான்.

லைனில் இருக்கிறேன் என்றானே, அதில்தான் விழுந்தேன். அந்த நேரத்துக்கு ஒருத்தன் நிதானமாக, அண்ணே அண்ணே என்று பேசியதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கூடப் பிறந்தவன் சொல்வது மாதிரி இருந்தது. லேப்டாப் திரையில் கழற்றாதே என்று சிவப்பில் எழுதியிருக்க, கண் முன்னால் அதைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்து பேட்டரியை இழுத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. திரும்பப் போட்டு ஆன் செய்தேன். ஒன்றுமில்லை. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை.

"பயப்படாதீங்கண்ணே, காலைல கொண்டாந்துருங்க" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் பழனி பஸ்ஸைப் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. மாடியில் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் லென்ஸ் படம். டீ வாங்கிக் கொடுத்தான். கேமராவை உள்ளே எடுத்துக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "மெயின் போர்டு அவுட்டுண்ணே" என்றான். கம்பெனிக்குப் போனால் 38,000 ஆகும், ஒரு மாசம் இழுப்பான், நம்மகிட்ட 14,800, சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றான். 5,000 ஜிபேயில் போட்டேன். கடை பெயர் வரவில்லை, ஏதோ ஒரு ஆள் பெயர் வந்தது. கேட்டதற்கு ஓனர் தம்பி கணக்கு என்றான். மீதி 9,800-ஐப் பணமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி போடாமல் முடித்துவிடலாமாம். ஒரு வெள்ளைச் சீட்டில் மாடல் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்தான். கடை முத்திரை இல்லை, சீரியல் நம்பர் இல்லை.

சனிக்கிழமை வரவில்லை. போர்டு சென்னையிலிருந்து கூரியரில் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்கு 2,000 ரூபாய்க்கு வாடகைக் கேமரா எடுத்துக்கொண்டு பழனிக்குப் போனேன். என் கேமராவில் எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று என் விரலுக்குத் தெரியும், பார்க்க வேண்டாம். அந்தக் கேமராவில் எல்லாம் இடம் மாறியிருந்தது. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்குகிறது, என் ஃபோகஸ் பின்னால் நின்ற பெரியவர் முகத்தில் நிற்கிறது. கூட வந்த தம்பி பக்கவாட்டில் நின்று எடுத்ததால் கல்யாணப் பெண்ணுக்கு அந்தப் படம் கிடைத்தது. என் கார்டில் இல்லை. இதற்கு எந்தக் கடைக்காரன் பணம் கொடுப்பான்?

ஒன்பது நாள் கழித்துக் கேமரா வந்தது. ஆன் ஆனது. மீதி 9,800-ஐ எண்ணிக் கொடுத்தேன். வாடகைக் கேமராவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கல்யாண அட்வான்ஸில் மிச்சம் 200 ரூபாய். உயிர் திரும்பிய சந்தோஷத்தில், தோட்டத்து முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன், அதையும் கொடுத்துவிட்டு அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

பழைய போர்டைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிருச்சுண்ணே." பில் கேட்டேன். "வாட்ஸ்அப்ல வந்துரும்ணே." வரவில்லை. நாலு நாள் பொறுத்தேன். மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. 38,000 ஆகிற போர்டை ஒருத்தன் 14,800-க்கு எப்படிப் போடுவான்? சரி, சென்சாரும் துடைக்க வேண்டியிருந்தது, இரண்டையும் பார்த்துவிடலாம் என்று இன்று காலை கோவைக்குப் போய், உக்கடத்தில் இறங்கி, கம்பெனியின் நிஜமான சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

கவுண்டரில் ஒரு அம்மா. நடந்ததைச் சொன்னேன். கேமராவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார், இதுல சந்தனம் வெச்சீங்களா?" என்று கேட்டார்.

வைத்தேன். ஆயுத பூஜைக்கு. வருடா வருடம் கேமராவைக் கவிழ்த்து அடியில்தான் பொட்டு வைப்போம், லென்ஸ் பக்கம் ஈரம் போகக்கூடாது என்று. அந்தச் சந்தனம் அடித்தகட்டின் ஸ்க்ரூ பள்ளத்துக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. நான்கு ஸ்க்ரூவில் இரண்டில். அந்தக் கண்ணாடி வழியாக எனக்கும் காட்டினார். மேலே மெல்லிய குங்குமம்கூட உதிராமல் இருந்தது.

"இந்த ஸ்க்ரூவத் தொடாம இந்த மாடல்ல போர்டு கிட்டயே போக முடியாது சார். உங்க கேமராவ யாரும் தொறக்கவே இல்ல."

எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். உள்ளே செக் செய்து வந்து சொன்னதும் அதேதான். போர்டு பழைய போர்டே. பாதியில் நின்ற அப்டேட்டை மதுரைக் கடையில் மறுபடி ஒருமுறை முழுசாக ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இலவசமாக இறக்கிக்கொள்ளும் அதே ஃபைல். பாதியில் அறுந்தாலும் கேமரா விழித்தெழுவதற்கான ஆரம்பப் பகுதி அழியாமல் தப்பியிருந்தால் திரும்ப ஓட்டிவிடலாமாம், என் கேமராவில் தப்பியிருந்தது. தப்பாதவர்களுக்கு நிஜமாகவே போர்டு செலவுதான்.

அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்றும் கேட்டேன். வயரை நேராக லேப்டாப்பில் சொருகினீர்களா என்றார். இல்லை, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் சொருகிய ஒரு யூஎஸ்பி ஹப்பில் சொருகியிருந்தேன். லேப்டாப் தானாகத் தூங்கப் போகிற செட்டிங்கையும் நிறுத்தவில்லை. அதனால் இழுத்திருக்கலாம், ஆனாலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பேட்டரியை மட்டும் எடுத்திருக்கக்கூடாது என்றார். திட்டாமல், மெதுவாகத்தான் சொன்னார். அந்த ராத்திரி இப்படி ஒருத்தர் லைனில் கிடைத்திருந்தால் என்னுடைய 14,800 என்னிடமே இருந்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் மதுரைக்குப் போன் போட்டேன். முதலில் அதே தம்பி. "அண்ணே, போர்டு மாத்துனோம்னு யாரு சொன்னா? போர்டு லெவல் சர்வீஸ்னுதானே சொன்னோம்." சீட்டில் அப்படி எழுதவில்லையே என்றேன். "சீட்டுல ரேட்டே எழுதலையேண்ணே" என்றான். எவ்வளவு நெஞ்சழுத்தம்! பிறகு ஓனரிடம் பேசச் சொன்னான். ஓனர் மாலை போட்டு மலைக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவார். பொள்ளாச்சி தாண்டி மறுபடி அடித்தேன். ஒரு பெண் எடுத்து, சார் லஞ்சில் இருக்கிறார் என்றார். மணி நாலரை. உடுமலையில் அடித்தபோது கட் செய்தார்கள். வாட்ஸ்அப்பில் சந்தனம் தெரிகிற படத்தை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பழனிக்குள் நுழையும்போது பார்த்தால் என்னை பிளாக் செய்திருந்தார்கள். ராத்திரி பத்தேகாலுக்கு இரண்டாவது ரிங்கில் எடுத்தவன்!

கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கும் அடித்தேன். அது எங்கள் அங்கீகாரம் பெற்ற இடமில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று முடித்துவிட்டார்கள். உங்கள் முத்திரையைப் போட்டுத்தானே ஏமாற்றுகிறான் என்றால், மெயில் அனுப்புங்கள் என்கிறார்கள்.

1915, அந்த நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாள் தங்கை மகள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம், 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் கிடையாது என்கிறாள். போடப்போகிறேன். 14,800-ஐ விடமாட்டேன்.

எப்படித் தப்பிக்கலாம் என்று எழுதுவதாகச் சொன்னேன். நிறைய எழுத நினைத்தேன், கை ஓய்ந்துவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விளக்கு எரிகிறவரை கேமராவைத் தொடாதீர்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. வயரை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள், ஹப் வேண்டாம். முகூர்த்தம் கிட்டே இருக்கும்போது அப்டேட் பக்கமே போகாதீர்கள். சர்வீஸ் சென்டர் நம்பரைக் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், தேடினால் முதலில் வருவதை நம்பாதீர்கள். சீரியல் நம்பரும் தொகையும் எழுதாத சீட்டை வாங்காதீர்கள். ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள். பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பஸ்ஸில் நான் போட்ட விமர்சனம் காணவில்லை. 24 மணி நேரமும் உதவி என்பது அப்படியே இருக்கிறது.

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் போட்டோகிராபர்கள் யாராவது இதே மாதிரி போர்டு மாற்றியதாகச் சொல்லிப் பணம் கொடுத்திருந்தால், கேமராவைக் கவிழ்த்து ஸ்க்ரூவை ஒருமுறை பாருங்கள். அந்த வெள்ளைச் சீட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை மனு போடுகிறேன், உங்களுடையதையும் சேர்த்து வைக்கிறேன்.