தூரின் திருத்துணிப் பிரதி: துணி சரி, விளக்கப் பலகை சரியில்லை

இத்தாலியின் தூரின் நகரில் உள்ள திருத்துணி, இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும், ஓர் ஆளின் முன்னுருவமும் பின்னுருவமும் பதிந்த துணி. தவக்காலக் கண்காட்சிக்கென்று ஊட்டி, குன்னூர்ப் பங்குகளில் வாங்கத் தகுந்த அதன் முழு அளவுப் பிரதி இது. பாலியஸ்டர் துணியில் அச்சு, கூடவே ஒரு விளக்கப் பலகை. காந்தல் குருசடியில் திருச்சிலுவைத் துண்டை முத்தி செய்து பழகிய மக்களிடம், இது பிரதிதான், அருளிக்கம் (வணக்கத்துக்குரிய புனிதப் பொருள்) அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அளவு சரி: 4.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். 15 அடிச் சுவர் இருந்தால் படுக்கைவாட்டில் கட்டலாம். செங்குத்தாகத் தொங்கவிட்டால் முன்னுருவமோ பின்னுருவமோ தலைகீழாகிவிடும். இரண்டும் நடுவில் தலையோடு தலை சேர்பவை.

உருவத்தை அடர்த்தியாக அச்சடித்தது பெரிய குறை. மூலத்தில் அது வெளிர் வைக்கோல் நிறம். கிட்டே போனால் கலைந்துவிடும், இரண்டு மீட்டர் தள்ளி நின்றால்தான் திரண்டு தெரியும். நூலின் மேலோட்டமான இழைகளில் மட்டுமே நிறம் இருப்பதுதான் ஆய்வாளர்களைத் திணறடித்த விஷயம். இந்தப் பிரதியிலோ ஒரு சாண் தூரத்திலும் முகம் பளிச்சென்று தெரிகிறது. தீக்காயங்களின் மேல் முக்கோண ஒட்டுத்துணிகளும் இருக்கின்றன. மூலத்தில் அவற்றை 2002இலேயே நீக்கிவிட்டார்கள். ஆக, பழைய படம். அந்தக் காயங்கள் ஜோடி ஜோடியாக அமைந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: 1532இல் பிரான்ஸின் ஷாம்பேரி நகரில் நடந்த தீ விபத்தின்போது துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

செல்போனில் நிறம் தலைகீழாக்கும் வசதியைப் போட்டு கேமரா வழியே பாருங்கள். 1898இல் திருத்துணியை முதன்முதலில் புகைப்படம் எடுத்த செக்கோந்தோ பியா தம் கண்ணாடி நெகட்டிவ் தகட்டில் கண்ட தெளிவான உருவம் அப்படியே தெரியும். பிரதியின் தனிச்சிறப்பே இதுதான்.

விளக்கப் பலகையை மட்டும் அப்படியே வைக்காதீர்கள். 1978இல் மூலத் துணியை நேரில் ஆராய்ந்த அறிவியலாளர் குழு, உருவம் ஓவியமல்ல என்றதைப் போட்டிருக்கிறார்கள். அது எப்படி உண்டானது என்பது புதிராகவே நிற்கிறது என்று அதே குழு சொன்னதை விட்டுவிட்டார்கள். 1988இல் ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆய்வகங்கள் கார்பன் முறையில் துணியின் காலத்தை கி.பி. 1260–1390 என்று கணித்தது பலகையில் இல்லவே இல்லை. அதையும், மாதிரி ஒரே மூலையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற ஆட்சேபத்தையும் தனித்தாளில் அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். 1998இல் தூரினில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே திருத்துணி பற்றிய ஆய்வை அறிவியலாளர்களிடம் ஒப்படைப்பதாகச் சொன்னார். நாம் மறைக்க என்ன இருக்கிறது?

மலைமழைக்கு முன் துணியைக் கழற்றி, நன்றாக உலர்த்தி, பிவிசி குழாயில் சுற்றி வையுங்கள். மடித்தால் கோடு விழும். ஈரச் சுவரில் விட்டால் ஓரத்தில் பூசணம் பூக்கும்.