நீளக் கைப்பிடி வைத்த தென்னந்துடைப்பம்: தாராளமாக வாங்கலாம்

வாசல், முற்றம், தென்னை மரத்தடி என்று தினமும் பெருக்க இடம் இருக்கிற வீட்டில் யாருக்காவது இடுப்பு வலி என்றால், தைலம், பெல்ட், புது மெத்தை என்று செலவு செய்வதற்கு முன்னால் கையில் இருக்கிற துடைப்பத்தைப் பாருங்கள். சாதாரணத் துடைப்பத்தைப் பிடித்தால் இடுப்பை மடக்கிக் குனிந்தே ஆக வேண்டும், குனிந்தபடியே உடம்பை இடமும் வலமும் திருப்பவும் வேண்டும். முதுகெலும்பின் டிஸ்குகளுக்கு, அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற தட்டுகளுக்கு, இந்த இரண்டும் சேர்ந்து வருவது ரொம்பக் கெடுதல். ஸ்வீடனைச் சேர்ந்த நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர் டிஸ்குக்குள் ஊசி செலுத்தியே அழுத்தத்தை அளந்தவர். நேராக நிற்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே அழுத்தம் சுமார் ஒன்றரை மடங்காகிறது என்பது அவர் கணக்கு.

நீளக் கைப்பிடித் துடைப்பத்தை அம்மாவுக்காக வாங்கினேன், இப்போது வீட்டில் எல்லோரும் இதைத்தான் எடுக்கிறோம். ஐந்தடி அலுமினியக் குழாய், அதன் நுனியில் ஈர்க்குக் கட்டைச் சொருகி இரும்பு வளையம் போட்டுத் திருகாணியால் இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு கை நெஞ்சு உயரத்தில், இன்னொரு கை இடுப்பு உயரத்தில், நிமிர்ந்து நடந்துகொண்டே பெருக்கலாம். எட்டி எட்டி இழுக்கக் கூடாது, அப்படிச் செய்தால் பழையபடி முதுகு வளைந்துவிடும், துடைப்பத்தோடு சேர்ந்து காலும் நகர வேண்டும். அம்மா முன்பெல்லாம் வாசலை முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், இப்போது நேராகக் கோலப்பொடியை எடுக்கிறார்.

“நின்றுகொண்டு பெருக்கினால் சுத்தமாகவே வராது” என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். இதே பேச்சு கலிபோர்னியா வயல்களிலும் இருந்தது. அங்கே லெட்டூஸ் கீரை, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயல்களில் நெருக்கமாக முளைத்த பயிரைக் களைகிற தொழிலாளர்களுக்குக் குட்டைக் கைப்பிடி மண்வெட்டியைத்தான் கொடுத்தார்கள், நீளமானதில் வேலை துல்லியமாக வராது என்று பண்ணையார்கள் வாதாடினார்கள். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து முதுகு போனவர்கள் வழக்குப் போட்டு, கடைசியில் 1975இல் அந்த மண்வெட்டிக்கே தடை வந்தது. எங்கள் வாசலிலும் குப்பை ஒழுங்காகத்தான் போகிறது. மழை பெய்து தரையோடு ஒட்டிக்கொண்ட இலைக்கு மட்டும் இரண்டு தடவை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வளையத்தின் திருகாணி சீக்கிரமே லூசாகிக் கட்டு ஆட ஆரம்பித்தது, சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி உள்ளே சுற்றி இறுக்கிய பிறகு சரியானது. மாடிப்படிக்கும் கட்டிலுக்கு அடியிலும் இது உதவாது, அங்கே சின்னத் துடைப்பம்தான், ஆனால் இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பெருக்குங்கள். அப்புறம், குப்பையை அள்ளும் முறமும் நீளக் கைப்பிடியோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு குவியலுக்கும் குனிய வேண்டி வரும். ஏற்கெனவே காலுக்கு வலி இறங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது என்பவர்கள் துடைப்பத்தை நம்பி இருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கும்போது கடையிலேயே நிறுத்திப் பிடித்துப் பாருங்கள், கைப்பிடியின் மேல்முனை பெருக்குபவரின் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவிலாவது வர வேண்டும். மரக்கம்பு வைத்ததும் கிடைக்கிறது, ஆனால் கனம், வயதானவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கும். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா நாலைந்து வீடு பெருக்குகிறவர், அவர் உயரத்துக்கும் ஒன்று வாங்கி வையுங்கள். ஈர்க்கு தேய்ந்துபோனால் குழாயைத் தூக்கிப் போடத் தேவையில்லை, புதுக் கட்டைச் சொருகிக்கொள்ளலாம், அதனால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் நல்ல குழாயாகப் பார்த்து எடுங்கள்.