மூன்றாவது சுளுக்குக்குப் பிறகு வாங்கிய கணுக்கால் பட்டை

காட்பாடியில் சாயங்காலம் வாலிபால் ஆடுகிறேன். வலையோரம் குதித்து இறங்கும்போது அடுத்தவர் பாதத்தில் மிதித்து, ஒன்றரை வருடத்தில் மூன்று முறை வலது கணுக்கால் பிசகிவிட்டது.

முதலில் வாங்கியது சாக்ஸ் போல மாட்டும் எலாஸ்டிக் உறை. கதகதப்பாக இருக்கும், வீக்கம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். மூன்றாவது சுளுக்கு அதைப் போட்டிருந்தபோதுதான் வந்தது.

இப்போது போடுவது லேஸ் வைத்த பட்டை. லேஸை இறுக்கிக் கட்டி, இருபக்கப் பட்டைகளையும் குதிகாலைச் சுற்றி எட்டு வடிவில் கொண்டுவந்து வெல்க்ரோவில் ஒட்ட வேண்டும். வெளிப்பக்கப் பட்டையை நன்றாக மேலே இழுத்து ஒட்டினால் பாதம் உள்ளே மடங்கப் பார்க்கும்போதே பிடித்து நிறுத்துகிறது. குதிக்க எந்தத் தடையும் இல்லை. ஐந்து மாதமாகக் கால் பிசகவில்லை.

வாங்கப் போகும்போது விளையாடும் ஷூவையும் எடுத்துப் போங்கள். என் பழைய ஷூவுக்குள் இது நுழையவே இல்லை, பெரிய அளவு வாங்க வேண்டியதாயிற்று. சாக்ஸுக்கு மேல்தான் போட வேண்டும். வேலூர் வெயிலில் வெறுங்காலில் போட்டால் வியர்வையில் தோல் உரிந்துவிடும். வெல்க்ரோவில் மண் ஏறினால் பிடிப்பு தளர்கிறது, பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன்.

அப்புறம், பட்டை இருக்கிறதே என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள். தினமும் பல் துலக்கும்போது வலது காலில் மட்டும் நிற்கிறேன். முதல் வாரம் பத்து விநாடி தாங்கவில்லை, இப்போது ஒரு நிமிடம் நிற்க முடிகிறது.